பானட்டை நாமளே தொறந்து பாக்கணும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பரை எங்க வீட்டுல மாமா காலத்துல இருந்து வாங்கிட்டு இருக்கோம். ஞாயித்துக்கிழமை வர்ற வாகனப் பக்கத்தை என் பொண்ணு முதல்ல எடுத்துக்குவா, அவ படிச்சு முடிச்சதும் நான். புதுசா எந்த கார் வந்திருக்கு, சன்ரூஃப் இருக்கா, எத்தனை ஏர்பேக், மைலேஜ் எவ்வளவுன்னு நல்லாத்தான் எழுதுறீங்க, குறை சொல்லல. ஆனா வாங்கின காரை அடுத்த பத்து வருஷம் எப்படி வச்சுக்கணும், வீட்டு வாசல்லயே நாம என்னென்ன பாத்துக்கலாம்னு ஒரு நாளும் எழுதினதில்ல. உங்க பேப்பர் மட்டும் இல்ல, எந்த பேப்பர்லயும் நான் பாக்கல. அதைக் கேக்கத்தான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

நான் தூத்துக்குடியில ஒரு பள்ளிக்கூடத்துல சயின்ஸ் டீச்சர். வீட்டுக்காரர் கப்பல்ல இன்ஜின் ரூம்ல வேலை பாக்குறார், வருஷத்துல பாதி நாள் கடல்ல. அதனால 2015ல வாங்கின எங்க சின்ன மாருதி கார் முழுக்க என் பொறுப்புதான். ஸ்கூல், மார்க்கெட், அத்தையை ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போறது எல்லாம் நானே ஓட்டுறேன். ஆனா முதல் ஒன்பது வருஷம் அந்த பானட்டை, அதாவது இன்ஜினுக்கு மேல இருக்கிற மூடியை, நான் ஒரு தடவை கூட தொறந்ததில்ல. டிரைவிங் ஸ்கூல்ல கிளட்ச், கியர், எட்டு போடுறது எல்லாம் சொல்லிக் கொடுத்தாங்க, பானட் எப்படி தொறக்கறதுன்னு யாரும் காட்டல, நானும் கேக்கல. வருஷத்துக்கு ஒருக்க சர்வீஸ் சென்டர்ல விடுவேன், பில் கட்டுவேன், அவ்வளவுதான்.

2024 மே மாசம் நானும் பொண்ணும் அத்தையும் மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்கு கிளம்பினோம். எட்டயபுரம் தாண்டி பந்தல்குடி வர்றதுக்குள்ள டேஷ்போர்டுல சிவப்பு லைட் ஒண்ணு எரிஞ்சுது, தெர்மாமீட்டர் தண்ணில மிதக்கிற மாதிரி ஒரு படம் போட்ட லைட். ஏசியில சில்லுன்னு இல்லாம அனல் காத்து வந்துச்சு, பானட் ஓரத்துல லேசா ஆவி. ஓரங்கட்டி நிறுத்துனேன். மதியம் ஒரு மணி, நாலு வழிச்சாலை, ரெண்டு பக்கமும் கருவேலங்காடு, ஒதுங்க ஒரு மரம் கிடையாது. அத்தைக்கு சுகர். பானட்டைத் தொறக்கிற லீவர் எங்க இருக்குன்னே தெரியல, பொண்ணுதான் குனிஞ்சு தேடிக் கண்டுபிடிச்சா. தொறந்ததும் முன்னாடி ஒரு மூடி தெரிஞ்சுது, இதுலதான் தண்ணி ஊத்தணும் போலன்னு நெனச்சு துணியைச் சுத்தி திருகப் போனேன்.

அந்த நேரம் பின்னாடி வந்து நின்ன உப்பு லாரியில இருந்து ஒரு அண்ணாச்சி சத்தம் போட்டாரு, "யம்மா, மூடியத் தொட்டுறாதீங்க, கைய எடுங்க, கைய எடுங்க!" ஓடி வந்து என்னைய நகத்தி விட்டுட்டு சொன்னாரு, "இது குக்கரு மாதிரிம்மா, உள்ள பிரஷர் இருக்கு, தொறந்தா மூஞ்சில அடிக்கும்." எனக்கு அப்படியே உடம்பு நடுங்கிருச்சு. ஏன்னா நான் கிளாஸ்ல வருஷா வருஷம் நடத்துற பாடம் அது. அழுத்தம் கூடுனா கொதிநிலை கூடும், மூடின ரேடியேட்டருக்குள்ள இன்ஜின் சூட்டைத் தணிக்கிற கூலன்ட் நூறு டிகிரிக்கு மேலயும் கொதிக்காம நிக்கும், மூடியைத் தொறந்த நிமிஷத்துல அழுத்தம் போயி அத்தனையும் ஒரே நேரத்துல பொங்கி வெளிய வரும். போர்டுல படம் போட்டு விளக்குறவ நான், ஆனா என் கார்ல அந்தப் பாடம் எந்த இடத்துல இருக்குன்னு எனக்குத் தெரியல. இன்னைக்கும் அதை நெனச்சா மனசு கஷ்டமாத்தான் இருக்கு.

அண்ணாச்சி முக்கால் மணி நேரம் எங்களோட நின்னாரு. சூடா இருக்கிற இன்ஜின்ல பச்சைத் தண்ணி ஊத்துனா இரும்பு விரிசல் விட்டுரும், முதல்ல ஆறட்டும்னு சொல்லி அத்தையை அவரு லாரி நெழல்ல ஒரு சாக்கு விரிச்சு உக்கார வச்சாரு. ஆறினதும் ரேடியேட்டருக்கு மேல போற ரப்பர் ஹோஸை விரலால காட்டினாரு. ஹோஸ் ரேடியேட்டர்ல சேர்ற இடத்துல அதை இறுக்கிப் பிடிக்கிற வளையம் ஒண்ணு, கிளாம்ப்னு சொல்றாங்க, அதைச் சுத்தி பச்சையும் வெள்ளையுமா ஏதோ காய்ஞ்சு போயி ஒட்டியிருந்துச்சு, எங்க ஊரு உப்பளத்துல பாத்தி ஓரத்துல உப்பு பூத்திருக்குமே அந்த மாதிரி. "இது இன்னைக்கு நேத்து ஒழுகினது இல்லம்மா, ரெண்டு மூணு மாசமா ஒழுகிருக்கு, இந்தக் கறையைப் பாத்தாலே தெரியும், நீங்க பாக்கலையா?"ன்னு கேட்டாரு. திட்டுற மாதிரி கேக்கல, நெஜமாவே ஆச்சரியமாத்தான் கேட்டாரு. லாரிக்காரங்க தினம் காலையில வண்டியைச் சுத்தி வந்து, ஆயில் பாத்து, தண்ணி பாத்து, டயரைத் தட்டிப் பாத்துட்டுத்தான் எடுப்பாங்களாம். அவரோட ஸ்க்ரூ டிரைவரால கிளாம்பை இறுக்கி, லாரியில இருந்த கேன் தண்ணியை ஊத்தி, அருப்புக்கோட்டை வரைக்கும் ஏசி போடாம மெதுவா போங்க, லைட் மறுபடி எரிஞ்சா ஹீட்டரை ஃபுல்லா வச்சுட்டு ஓரங்கட்டுங்க, இன்ஜின் சூட்டை அது கொஞ்சம் வெளிய இழுத்துரும்னு சொல்லி அனுப்பினாரு. காசு வாங்கல. பேரு கூட சொல்லல. அந்த அண்ணாச்சி இந்த லெட்டரைப் படிச்சா, நாங்க கல்யாணத்துக்கு நேரத்துக்குப் போய் சேந்தோம், அத்தை நல்லா இருக்காங்கன்னு தெரிஞ்சுக்கணும்.

ஊருக்கு வந்து மெக்கானிக்கிட்ட காட்டுனேன். புது கிளாம்ப் 40 ரூபா, கூலன்ட் ஒரு லிட்டர் 280 ரூபா. அந்த லைட்டைப் பாத்தும் இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட்டியிருந்தா ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், இன்ஜினை இறக்கி ஏத்த இருபதாயிரத்துக்குக் குறையாதுன்னாரு. நான் வீட்டுக்கு வந்து பழைய சர்வீஸ் பேப்பரைத் தேடி எடுத்தேன். ரெண்டு மாசம் முன்னாடிதான் சர்வீஸ் விட்டிருந்தேன், அதுல செக்லிஸ்ட்ல கூலன்ட் லெவல், ஹோஸ், கிளாம்ப் எல்லாத்துக்கும் நேரா டிக் போட்டு ஒருத்தர் கையெழுத்தும் போட்டிருந்தாரு. எந்த இடம்னு இங்க எழுத விரும்பல, அது என் நோக்கமும் இல்ல. ஒரு நாளைக்கு முப்பது நாப்பது வண்டி வர்ற இடத்துல என் வண்டியை எத்தனை நிமிஷம் பாப்பாங்கன்னு நான் யோசிச்சதே இல்ல. என் வண்டியைத் தினமும் பாக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

வீட்டுக்காரர் போன்ல பேசும்போது ஒண்ணு சொன்னாரு. கப்பல்ல நாலு மணி நேரத்துக்கு ஒரு வாட்ச், அதாவது ஷிஃப்ட், மாறும், ஒவ்வொரு வாட்ச்லயும் டெம்பரேச்சர், பிரஷர், ஆயில் லெவல் எல்லாம் லாக் புக்குல எழுதியே ஆகணும், நம்பர் நல்லா இருந்தாலும் எழுதணும், ஏன்னா நேத்தைய நம்பர் தெரிஞ்சாத்தான் இன்னைக்கு மாறிருக்கான்னு தெரியும். அன்னைக்கே நாப்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கினேன். ஞாயித்துக்கிழமை காலையில, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, நானும் பொண்ணும் வாசல்ல இருபது நிமிஷம் நிப்போம். அதுல என்ன செய்யறோம்னு சொல்றேன், இதுல ஒண்ணு கூட பெரிய வித்தை கிடையாது.

வண்டி சமதரையில நிக்கணும், இன்ஜின் ராத்திரி பூரா ஆறியிருக்கணும். ஆயில் அளவு பாக்கிற டிப்ஸ்டிக் கம்பியை உருவி துடைச்சு, மறுபடி உள்ள விட்டு எடுத்தா ரெண்டு புள்ளிக்கு நடுவுல ஆயில் தெரியணும். லெவல் எங்க நிக்குதுன்னு நோட்டுல எழுதிருவோம். கருப்பா இருக்கேன்னு பயப்பட வேண்டியதில்ல, ஓடுன ஆயில் கருப்பாத்தான் இருக்கும். டீ கலர்ல பால் கலந்த மாதிரி இருந்தாத்தான் தண்ணி கலந்திருக்குன்னு அர்த்தம், உடனே மெக்கானிக்கைக் கூப்பிடணும். கூலன்ட் டப்பாவுல லோவுக்கும் ஃபுல்லுக்கும் நடுவுல நிக்கணும், பாக்க மூடியைத் தொறக்கவே வேண்டாம், டப்பா வெளியிலயே தெரியும். குறைஞ்சிருந்தா ரெடி மிக்ஸ் கூலன்ட்தான் ஊத்தணும். எங்க ஊரு போர் தண்ணி எப்படின்னு எல்லாருக்கும் தெரியும், பாத்திரத்துல வச்சு ரெண்டு நாள் காய்ச்சினாலே அடியில வெள்ளையா படியும், அதே படிமம் ரேடியேட்டர் குழாய்க்குள்ள படிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. பிரேக் ஆயில் டப்பாவைப் பாத்து மட்டும் எழுதுவேன், ஊத்த மாட்டேன், அது குறைஞ்சா ஒண்ணு பிரேக் பேட் தேய்ஞ்சிருக்கு இல்லன்னா எங்கயோ ஒழுகுது, ரெண்டுமே மெக்கானிக் பாக்க வேண்டியது.

பேட்டரியைப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா கடலோர ஊர்ல இருக்கிறவங்களுக்கு இது முக்கியம். உப்புக் காத்துக்கு எங்க ஊர்ல கேட்டு, கிரில், சைக்கிள் செயின் எல்லாம் துரு ஏறும், பேட்டரி டெர்மினல் மட்டும் தப்புமா. முதல் தடவை பாத்தப்ப எங்க பேட்டரியோட பிளஸ் பக்கம் வெள்ளையும் நீலமுமா பொடி குவிஞ்சு, டெர்மினலே தெரியல. இதைச் சுத்தம் பண்ண வீட்டு ஆப்ப சோடா போதும். முதல்ல கையில இருக்கிற மோதிரம், வளையல் எல்லாத்தையும் கழட்டி வீட்டுக்குள்ள வச்சுருங்க, கழுத்துச் செயினை உள்ள போட்டு பின் குத்திருங்க. இதை நான் வேணும்னே அழுத்திச் சொல்றேன், பிளஸ்ஸும் பாடியும் ஒரு தங்க மோதிரத்தால சேர்ந்துச்சுன்னா நொடியில பழுக்கக் காய்ஞ்சு விரலோட ஒட்டிக்கும். அடுத்து, கழட்டும்போது மைனஸ் முதல்ல, மாட்டும்போது மைனஸ் கடைசியில. காரோட பாடி முழுக்க மைனஸோட சேந்துதான் இருக்கு, பிளஸ்ஸை முதல்ல கழட்டப் போயி ஸ்பேனர் பாடியில பட்டா தீப்பொறி பறக்கும், மைனஸை முதல்ல எடுத்துட்டா அந்தப் பயமே இல்ல. பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும் எங்க வண்டிக்கு. வெந்நீர்ல ரெண்டு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து மேல ஊத்துனா நொரைச்சுக்கிட்டு வரும், அமிலமும் ஆப்ப சோடாவும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு வர்றதுதான், பத்தாம் கிளாஸ் பாடம். பழைய டூத் பிரஷால தேய்ச்சு, நல்ல தண்ணி விட்டு, ஈரமில்லாம துடைச்சு, மாட்டினதுக்கு அப்புறம் மேல வாசலின் தடவி விட்டா பல மாசத்துக்கு பொடி வராது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், பக்கத்துல ஊதுபத்தி கூட வேண்டாம், பேட்டரியில இருந்து ஹைட்ரஜன் வரும். காலையில ஸ்டார்ட் ஆகாம இழுத்துக்கிட்டு இருந்த வண்டி அன்னைக்கு ஒரே சாவியில எடுத்துச்சு. புது பேட்டரி மாத்தணும்னு ஏற்கனவே ஒரு இடத்துல சொல்லியிருந்தாங்க, அதே பேட்டரி அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல ஓடுச்சு.

டயர் காத்தை பங்க்ல பிடிக்கிறோம், ஆனா பங்க் வரைக்கும் ஓட்டிட்டுப் போனதுலயே டயர் சூடாகி பிரஷர் ரெண்டு மூணு பாயிண்ட் கூடித் தெரியும். காலையில வாசல்ல, ஆறின டயர்ல பாக்கிற அளவுதான் சரியான அளவு. டிரைவர் கதவைத் தொறந்தா பில்லர்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், எவ்வளவு வேணும்னு அதுலயே போட்டிருக்கும், ஃபுல் லோடுக்கு தனியாவும் போட்டிருக்கும். காத்துப் பிடிக்கிற தம்பி எல்லா வண்டிக்கும் ஒரே நம்பர் வைப்பாரு, நாமதான் சொல்லணும். காத்து அளக்கிற கேஜ் ஒண்ணு 300 ரூபாய்க்குள்ள கெடைக்குது. டயர் பள்ளத்துக்குள்ள அங்கங்க சின்னதா மேடு இருக்கும், டயர் தேய்ஞ்சு அந்த மேட்டுக்கு சமமா வந்துட்டா பள்ளத்தோட ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், சட்டப்படியும் அதுக்குக் கீழ ஓட்டக் கூடாது, மழையில பிரேக் பிடிக்காது. டயர் ஓரத்துல நாலு இலக்க நம்பர் ஒண்ணு இருக்கு, 2319னு இருந்தா 2019ஆம் வருஷம் 23வது வாரம் செஞ்ச டயர். புது டயர்னு சொல்லி விக்கிறப்ப அந்த நம்பரைப் பாருங்க, நான் பாத்து ஒரு கடையில வேண்டாம்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

ஸ்டெப்னி மாத்தறதை நானும் பொண்ணும் வாசல்லயே ரெண்டு தடவை பழகினோம். ஹேண்ட்பிரேக், ஃபர்ஸ்ட் கியர், எதிர்ப்பக்க வீலுக்கு கல்லு. நட்டை வண்டி தரையில நிக்கும்போதே அரைச் சுத்து லூஸ் பண்ணணும், தூக்கினதுக்கு அப்புறம் பண்ணுனா வீல் சுத்தும், வண்டி ஜாக்கியில இருந்து நழுவும். ஜாக்கி வைக்க பாடிக்கு அடியில ரெண்டு வெட்டு இருக்கும், அந்த இடத்துலதான் வைக்கணும். கழட்டின வீலை அப்படியே காருக்கு அடியில படுக்கப் போட்டுருவோம், ஜாக்கி நழுவினாலும் வண்டி அதுமேல உக்காரும். கையையோ காலையோ அடியில விடவே கூடாது. இதுல ஒரு பெரிய கஷ்டம் என்னன்னா முதல் தடவை எங்களால நட்டை அசைக்கவே முடியல. டயர் கடையில காத்து கன்னால டர்ருனு இறுக்கி விட்டிருந்தாங்க. கடைக்குத் திரும்பக் கொண்டு போயி, எல்லாத்தையும் லூஸ் பண்ணி கையால ஸ்பேனர் வச்சு இறுக்கச் சொன்னேன், அந்தத் தம்பி சலிச்சுக்காம செஞ்சு குடுத்தாரு. உங்க வாசகர்கள் எல்லாரும் இதை ஒரு தடவை வீட்டுல சோதிச்சுப் பாக்கணும்னு கேட்டுக்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு ஹைவேயில தெரிய வேண்டிய விஷயம் இல்ல இது. ஹைவேயில மாட்டிக்கிட்டா நெடுஞ்சாலை உதவி எண் 1033க்கு போன் பண்ணலாம்னு எனக்கே அப்புறம்தான் தெரியும், அதையும் எழுதிக்கோங்க.

மத்ததெல்லாம் சின்ன வேலை. வைப்பர் ரப்பரை ஐப்பசி மழைக்கு முன்னாடி மாத்திருவேன், பழசைக் கழட்டி அளவு பாத்து வாங்குனா அஞ்சு நிமிஷம். முன் கண்ணாடிக்குக் கீழ இருக்கிற ஜன்னல் மாதிரி தட்டுல வேப்ப இலை அடைச்சுக்கிட்டு தண்ணி போக வழியில்லாம உள்ள இறங்கும், அதை அள்ளிருவோம். பொண்ணு பின்னாடி நிப்பா, நான் பிரேக் மிதிப்பேன், லைட் எரியுதான்னு சொல்லுவா. எலிக்கு புகையிலைக் கட்டு வைக்கிறோம், வயர் கடிச்ச தடம் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாக்கிறோம்.

ஏர் ஃபில்டர் விஷயத்துல ஒண்ணு நடந்துச்சு, அதைச் சொல்லியே ஆகணும். நாலு கிளிப்பைத் தட்டினா தொறந்துக்கும், எங்க ஹார்பர் ரோட்டுல கரித்தூசி ஜாஸ்தி, மாசம் ஒரு தடவை எடுத்துத் தட்டி வைப்போம். போன சர்வீசுக்கு முன்னாடி பொண்ணு அந்த ஃபில்டரோட ஓரத்துல மார்க்கர் பேனாவால சின்னதா ஒரு புள்ளி வச்சா. நான் சந்தேகப்பட்டு வைக்கச் சொல்லல, எப்ப மாத்தினோம்னு அடையாளத்துக்காக அவளா வச்சது. வண்டி வந்துச்சு, பில்லுல புது ஏர் ஃபில்டர்னு காசு போட்டிருந்துச்சு, வீட்டுக்கு வந்து தொறந்தா அதே புள்ளி. அப்படியே வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயி சூப்பர்வைசர்கிட்ட புள்ளியைக் காட்டினேன். ஒரு வார்த்தை பேசல, புது ஃபில்டர் போட்டு, மன்னிப்பும் கேட்டாரு. எத்தனை பேரு பில்லுல இருக்கிறதை நம்பி கட்டிட்டு வந்துருப்பாங்க. இப்ப நான் சர்வீஸ் விடும்போது கழட்டின பழைய பார்ட்டை எல்லாம் டிக்கியில போட்டுக் குடுங்கன்னு எழுதியே குடுத்துறேன். எதுக்குன்னே தெரியாத கிளீனிங், டிரெஸ்ஸிங்னு பில்லுல சேக்குறதுக்கு முன்னாடி எனக்கு போன் பண்ணுங்கன்னும் எழுதுறேன். பில்லு ஏறக்குறைய பாதியாக் குறைஞ்சிருக்கு. சரியா வரலைன்னா நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கு, எனக்கு அதுவரைக்கும் போக வேண்டி வரல.

ஆயில் மாத்தறதையும் மெக்கானிக் தம்பி கூட இருக்க ஒரு தடவை செஞ்சு பாத்தேன். முடியும், ஆனா ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில யாரும் போகக் கூடாது, ஜாக் ஸ்டாண்டோ ராம்ப்போ இல்லாம அந்த வேலையைத் தொடவே வேண்டாம். இன்னொண்ணு பழைய ஆயில். எங்க தெருவுல ஒருத்தர் மூணு லிட்டர் கருப்பு ஆயிலை சாக்கடையில ஊத்துறதை நானே பாத்தேன். எங்க ஊரு சாக்கடை பக்கிள் ஓடைக்குப் போகுது, பக்கிள் ஓடை திரேஸ்புரத்துல கடல்ல சேருது, அங்கதான் எங்க மீன்காரங்க படகு நிக்குது. பழைய ஆயிலை கேன்ல பிடிச்சு ஒர்க்‌ஷாப்புல குடுத்தா ரீசைக்கிள் பண்றவங்க எடுத்துக்குவாங்க, சட்டத்துலயும் அது அபாயகரமான கழிவுதான். அந்தச் சிரமம் முடியாதவங்க ஆயிலை மெக்கானிக்கிட்டயே மாத்துங்க, லெவலை மட்டும் வீட்டுல பாருங்க. நானும் இப்ப அப்படித்தான். பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், ஏர்பேக்கோட மஞ்சள் கனெக்டர் இதெல்லாம் வீட்டுல கை வைக்கிற இடமே இல்ல. வாரன்டி இருக்கிற வண்டிக்கு மேனுவல்ல சொன்ன நாள்ல, சொன்ன இடத்துல சர்வீஸ் பண்ணித்தான் ஆகணும்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை எங்க மாவட்டத்துல யாரும் மறக்க முடியாது, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. எங்க கார் வீல் முங்குற அளவுக்குத் தண்ணியில நின்னுச்சு. தண்ணி வடிஞ்சதும் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாம்னு சாவியை எடுத்தேன், நல்லவேளை அன்னைக்கு சிக்னல் கெடைச்சு வீட்டுக்காரர் லைன்ல வந்தாரு, சாவியைத் தொடாத, பேட்டரி வயரை கழட்டச் சொல்லுன்னாரு. காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது, சிலிண்டருக்குள்ள தண்ணி இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணுனா இன்ஜினுக்குள்ள இருக்கிற கனெக்டிங் ராடு வளைஞ்சுரும். ரெண்டு வீடு தள்ளி ஒருத்தர் ஸ்டார்ட் பண்ணிட்டாரு, இன்ஜின் போச்சு, இன்ஜினுக்குன்னு தனி கவர் எடுக்காததால இன்ஷூரன்ஸும் கெடைக்கல. வெள்ளம் வடிஞ்ச அன்னைக்கு உங்க பேப்பர்ல முதல் பக்கத்துல ஒரு கட்டம் கட்டி, மூழ்கின வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு போட்டிருந்தா எத்தனை குடும்பத்துக்கு லட்சக்கணக்குல மிச்சமாயிருக்கும். இது குத்தம் சொல்றதுக்காக இல்ல, அடுத்த மழைக்காவது போடுங்கன்னு கேக்கிறேன்.

எல்லாரும் இப்படி வீட்டுலயே பாத்துக்கிட்டா மெக்கானிக் பொழப்பு என்ன ஆகும்னு ஸ்டாஃப் ரூம்ல ஒரு சார் கேட்டாரு. எனக்கு அனுபவம் நேர்மாறா இருக்கு. முன்னாடி கார்ல போய் இறங்குனா "சார் வரலையா மேடம்?"னு கேப்பாங்க, சார் வந்தாத்தான் விஷயம் பேசுவாங்க. இப்ப நோட்டை எடுத்துக்கிட்டுப் போறேன். மூணு வாரமா இடது முன் டயர்ல வாரத்துக்கு ரெண்டு பாயிண்ட் இறங்குது, மத்த மூணும் சரியா இருக்குன்னு சொன்னேன், மெக்கானிக் தம்பி தண்ணில முக்கிப் பாத்து வால்வுல ஒழுகுறதைப் பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சாரு. "அக்கா, எல்லாரும் இப்படி எழுதிக் கொண்டாந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம்"னாரு. நல்ல மெக்கானிக்குக்கு வேலை போகாது, அவருக்கு மரியாதை கூடத்தான் செய்யும். இப்ப எங்க ஸ்கூல்ல கார் ஓட்டுற டீச்சர்ஸ் நாலு பேரு சேந்து மாசம் ஒரு சனிக்கிழமை எங்க வாசல்ல கூடுறோம். அதுல ஒருத்தங்க ரிட்டையர் ஆகப் போறவங்க, போன மாசம் தனியா ஸ்டெப்னி மாத்தி முடிச்சுட்டு கண்ணு கலங்கிட்டாங்க, முப்பது வருஷமா இதுக்கு யாரையாவது எதிர்பாத்துக்கிட்டு இருந்தேனேன்னு.

இனிமே எல்லாம் மின்சார கார், இதெல்லாம் எதுக்குன்னும் சிலர் சொல்றாங்க. 2025 ஆகஸ்ட்ல எங்க சில்லாநத்தம் சிப்காட்லயே வின்ஃபாஸ்ட் மின்சார கார் ஃபேக்டரி தொறந்தாச்சு, எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனா மின்சார காருக்கும் டயர் உண்டு, வைப்பர் உண்டு, பிரேக் ஆயில் உண்டு, கூலன்ட் உண்டு, சின்னதா ஒரு 12 வோல்ட் பேட்டரியும் உண்டு. அதுல ஹை வோல்டேஜ் ஓடுற ஆரஞ்சு கலர் கேபிளை மட்டும் எந்தக் காரணத்துக்கும் தொடக் கூடாதுன்னு வாங்குறவங்களுக்கு முதல்ல சொல்லிக் குடுக்கணும்.

ஆசிரியர் அவர்களே, நான் கேக்கிறது வாரத்துக்கு அரைப் பத்தி. ஒரு வாரம் டிப்ஸ்டிக், ஒரு வாரம் பேட்டரி, ஒரு வாரம் ஸ்டெப்னி, படத்தோட. எழுத என்னை மாதிரி ஆள் வேண்டாம், நம்ம ஊருகள்ல முப்பது நாப்பது வருஷம் ஸ்பேனர் பிடிச்ச மெக்கானிக் அண்ணன்மாரு இருக்காங்க, லாரி ஓட்டுற அண்ணாச்சிமாரு இருக்காங்க, அவங்களைப் பேச வச்சு எழுதுங்க. ஐடிஐல மோட்டார் மெக்கானிக் படிக்கிற பிள்ளைங்களையும் கேளுங்க. பொம்பளைங்க பக்கத்துலயும் போடுங்க, கோலமும் சமையலும் வர்ற பக்கத்துல இதுவும் வரட்டும், தப்பே இல்ல.

எங்க நோட்டுல முதல் ரெண்டு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இதோட வச்சிருக்கேன். கட்டம் பொண்ணு போட்டது. உபயோகப்பட்டா அப்படியே அச்சிட்டுக்கோங்க, வாசகர்கள் வெட்டி எடுத்து டேஷ்போர்டுல வச்சுக்கட்டும்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியை ஒருவர்,
மில்லர்புரம், தூத்துக்குடி.